வெள்ளி முதல் செவ்வாய் வரை காற்று

வணக்கம் மேடம். வெள்ளி முதல் செவ்வாய் வரை இங்கே காற்று எப்படி இருக்கும், நாலு பேர் பட்டம் கட்டிக்கொண்டு கடலில் சறுக்க வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். சாயங்காலமே பதில் போட்டிருக்க வேண்டும். பிள்ளை தூங்கட்டும் என்று இருந்தேன். தூங்கிவிட்டாள். இப்போது ஜன்னல் கொக்கி ஆடுகிறது. எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மறுபடி ஆடுகிறது. ஆடட்டும்.

சுருக்கமாகச் சொன்னால் காற்று வரும். சுருக்கமாகச் சொல்லத்தான் எனக்கு வராது.

கேட்கிறவர்களுக்கெல்லாம் இங்கிலீஷில்தான் எழுதுவேன். நீங்கள் தமிழில் கேட்டுவிட்டீர்கள். "அங்க இப்ப காத்து எப்படிங்க இருக்கு?" என்று, பக்கத்து வீட்டில் நின்று கேட்கிற மாதிரி. இங்கிலீஷில் எவ்வளவு பயந்தாலும் 'கைண்ட்லி நோட்' என்று ஆரம்பித்து 'ரிகார்ட்ஸ்' என்று முடித்துவிடலாம். தமிழில் அப்படி முடிக்க முடியவில்லை. அதனால் நீளமாக வந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்த நம்பரில் எழுதுவது கஸ்பார் என்று நினைத்திருப்பீர்கள். கஸ்பார் என் வீட்டுக்காரர். பட்டம் கற்றுக்கொடுக்கிறவர் அவர். நான் அவர் மனைவி வினோலியா. காற்று நிலவரம் எழுதுவது மட்டும் நான். "எழுத்தெல்லாம் அவ பாத்துக்குவா, கான்வென்ட்டுல படிச்சவ" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். நான் எழுதினதை ஒருநாளும் வாங்கிப் படித்தது கிடையாது. அவ்வளவு நம்பிக்கை.

என் ஊர் திண்டுக்கல். கடலே கிடையாது. குளத்தில்கூட இறங்கினதில்லை. ஆனால் வானிலை எனக்குப் பழக்கம்தான். பள்ளியில் தினமும் காலையில் வாசல் போர்டில் வானிலை எழுதுவது என் வேலை. ஒருநாள் 'இன்று பயங்கர வெயில்' என்று எழுதிவிட்டேன். எங்கள் ஜியாக்ரஃபி சிஸ்டர் ஆக்னஸ் மேரி டஸ்டரை எடுத்து 'பயங்கர' என்பதை மட்டும் அழித்தார்கள். "வெயில் வெளிய இருக்கு. பயங்கரம் உனக்குள்ள இருக்கு. போர்டுல வெளிய இருக்கறத மட்டும் எழுது" என்றார்கள். அன்றைக்கு அழுதேன். இப்போது நினைத்தால், பாவம், சிஸ்டர் ஐப்பசி மாதத்துக் கடலைப் பார்த்ததில்லை என்று தோன்றுகிறது.

இந்த ஐப்பசியைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். ஆனி ஆடியெல்லாம் இங்கே தென்காற்று. புரட்டாசி முடியும்போது அது செத்துவிடும். அப்புறம் கொஞ்ச நாள் கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் கிடக்கும். அதற்குப் பிறகு ஒருநாள் வடக்கிலிருந்து வாடை எழும்பும். எந்த நாள் என்று யாரும் சொல்ல முடியாது. நேற்றுவரை செத்துக் கிடந்தது. இன்றைக்கு மத்தியானத்திலிருந்து கொடியில் போட்ட பிள்ளைத் துணியெல்லாம் தெற்குப் பக்கமாக நீட்டிக்கொண்டு நிற்கிறது.

கஸ்பார் அந்தத் துணியைப் பார்த்து விசிலடித்தார். மேடம், அந்த விசில் சத்தம்தான் எனக்குப் பயம்.

ஏன் என்று சொல்கிறேன். இது மீன்பிடிக்கிற ஊர். காற்று பலமாக வரும் என்றால் கோயில் மைக்கில் சொல்லிவிடுவார்கள்: மீனவர்கள் யாரும் கடலுக்குப் போக வேண்டாம். உடனே எல்லாப் போட்டையும் கட்டிவிடுவார்கள். ஆண்கள் எல்லாம் கரையில் உட்கார்ந்து சீட்டு விளையாடுவார்கள். பெண்கள் நிம்மதியாகச் சோறு பொங்குவார்கள். அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரர் கடலில் இறங்குவார். பட்டம் விட அந்தக் காற்றுதான் வேண்டுமாம். ஊர் முழுக்கக் கரையில் கிடக்கிற நாளில் கடலில் ஒரே ஒரு ஆள், அது என் புருஷன். போனில் காற்று பார்க்கிற செயலி இருக்கிறதே, அதில் நீலம் என்றால் காற்றில்லை, பச்சை என்றால் நல்ல காற்று, சிவப்பு என்றால் பலத்த காற்று. மற்ற எல்லா இடத்திலும் சிவப்பு என்றால் நில் என்று அர்த்தம். என் வீட்டில் மட்டும் சிவப்பு என்றால் சறுக்குகிற பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது.

மைக்கில் அறிவிப்பு வந்ததும் பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்கா வாசலில் வந்து நிற்கும். "என்ன வினோலியா, எங்காளு கரையில, உங்காளு கடல்லயா? வானத்துலருந்து சம்மனசுமாரு யாராச்சும் தனியா எறங்கி வந்து சொல்லிட்டுப் போனாகளா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கும். நானும் சிரித்து வைப்பேன். கதவைச் சாத்திக்கொண்டு ஜெபமாலையை எடுத்துவிடுவேன்.

போன வருஷம் இதே நாட்களில் ஒன்று நடந்தது. நீங்கள் வருவதாக இருந்தால் தெரிந்திருப்பது நல்லது. பெங்களூரிலிருந்து ஒருத்தர் வந்திருந்தார், கம்ப்யூட்டர் வேலை, நல்ல மனுஷன், பிள்ளைக்கு பிஸ்கட் எல்லாம் வாங்கி வந்தார். மத்தியானம் அவரும் கஸ்பாரும் தண்ணீரில் இருக்கும்போது வடக்கே ஒரு மேகம் கறுத்தது. காற்று ஒரே அடி அடித்தது. அந்த ஆளுடைய பட்டம் சுருண்டு தண்ணீரில் விழுந்தது. ஆளைக் காணோம். கஸ்பார் அவரைப் பார்த்துப் போனார். அவரையும் பட்டம் இழுத்துக்கொண்டு போனது. நான் இடுப்பில் பிள்ளையோடு கரையில் நிற்கிறேன். கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது, 'மாதாவே' என்று கத்தினதாக ரோஸ்லின் அக்கா சொன்னது. சீட்டு விளையாடினவர்கள் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள்.

அப்புறம் பார்த்தால் கடல் நடுவில் இரண்டு பேரும் நிற்கிறார்கள். தண்ணீர் இடுப்பளவுதான் இருக்கிறது. ஒரு பாறையில் ஏறித் தப்பித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அப்படியே நடந்து வந்தார்கள். நடந்து வந்துகொண்டே இருந்தார்கள், அவ்வளவு பெரிய பாறை. கரைக்கு வந்து இரண்டு பேரும் சிரித்தார்கள். பெங்களூர் ஆள் "ஒன்ஸ் மோர்" என்றார்.

"அங்க பாறையே கெடையாது புள்ள. அந்தக் கடல் பூராவும் அவ்வளவுதான் ஆழம். அதுனாலதான அங்க சொல்லிக்குடுக்கறேன்" என்றார் கஸ்பார்.

இருக்கட்டும். இடுப்பளவுத் தண்ணீரிலும் மனுஷன் சாகலாம். அன்றைக்கு ராத்திரி செயலியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இனிமேல் காற்று நிலவரத்தை வெறும் எண்ணாக எழுதக் கூடாது, பொறுப்போடு எழுத வேண்டும் என்று முடிவெடுத்தேன். நம்பி வருகிறவர்களுக்கும் வீட்டில் பெண்டாட்டி பிள்ளை இருக்கும் அல்லவா.

அதிலிருந்து எல்லாருக்கும் விளக்கமாக எழுதுகிறேன். 'சனி, காற்று இருபது' என்று ஒரு வரி, காற்று வேகத்தை அளக்கிற நாட் கணக்கில். அதற்குக் கீழே, 'அன்று இந்த ஊரில் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள் என்பதைக் கவனிக்கவும்.' 'நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இது பொருந்தும்.' 'வீட்டுக்கு ஒரே பிள்ளையாக இருப்பவர்கள் பெற்றோரிடம் பேசிவிட்டு முடிவெடுக்கவும்.' பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்றும் போடுவேன். பொய் ஒன்றும் எழுதினதில்லை மேடம். நான் கும்பிடுகிற மாதா மேல் சத்தியமாக ஒரு எண்ணைக்கூட மாற்றினதில்லை.

படித்தவர்கள் எல்லாரும் நன்றி சொன்னார்கள். ஒருத்தர்கூட விட்டுப்போகாமல் சொன்னார்கள். 'இவ்வளவு அக்கறையாக யாரும் எழுதினதில்லை, மிக்க நன்றி, அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று கோயம்புத்தூரிலிருந்து ஒரு டாக்டர். 'உங்கள் பதிலை என் மனைவியிடம் காட்டினேன், நன்றி' என்று இன்னொருத்தர். அந்த மனைவி தனியாக என்னைக் கூப்பிட்டுப் பேசினார், அழுதார்கூட.

ஆனால் இந்த வருஷம் யாரும் வருவதில்லை. என்ன காரணம் என்றே தெரியவில்லை. தென்காற்று சீசன் முழுக்க, வருகிறவர்கள் தங்குகிற மூன்று அறையில் இரண்டு சும்மா கிடந்தது. மூன்றாவது அறையில் ஒரு ஜெர்மன்காரர் வந்து தங்கினார், அவர் எதையும் கேட்காமலே வந்தவர். கஸ்பார் பட்டத்துக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே, "சனங்களுக்கு இந்த வருசம் என்னமோ ஆயிப்போச்சு" என்பார். பட்டம் பழசாகிவிட்டது, அதனால்தானோ என்று அவருக்குச் சந்தேகம். நான் அப்படி இருக்காது என்று சொன்னேன்.

கரையில் தெற்கே இன்னொருத்தர் இதேபோல் நடத்துகிறார். அங்கே கூட்டம் நிற்கிறது. அவர் எழுதுகிற நிலவரத்தை ஒருநாள் பார்த்தேன். 'காத்து 18. வாங்க.' அவ்வளவுதான். முழு நிலவரமே அவ்வளவுதான் மேடம். பொறுப்பு வேண்டாமா ஒரு மனுஷனுக்கு.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வரத்தான் பார்க்கிறேன். இன்றைக்கு மத்தியானம் நடந்ததைச் சொல்லாமல் வர முடியவில்லை.

கஸ்பாருடைய அக்கா வீட்டுக்காரர் லெயோன் அண்ணன் வந்தார். பெரிய போட்டில் தங்குகடலுக்குப் போகிறவர். தங்குகடல் என்றால் காலையில் போய் மறுநாள் வருகிற கதை இல்லை. கொச்சியில் போட்டு ஏறினால் பதினைந்து நாளோ இருபது நாளோ கடலிலேயே தங்கிப் பிடிக்கிறது. ஒரு ஆள் குறைகிறதாம்.

"பட்டம் விட்டுப் புள்ள வளக்கப் போறியா மாப்ள?" என்றார், சாப்பிட்டுக்கொண்டே. "பத்து வயசுல நானும் விட்டேன். எங்கப்பன் முதுகுலயே போட்டாரு. சனிக்கிழமை விடியக்காலம் வேன் வருது. பைய எடுத்துட்டு ஏறு."

கல்யாணம் பேசும்போது என் அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். பெண் எடுக்கிற பையன் போட்டுக்குப் போகக் கூடாது. கஸ்பார் சரி என்றார். அதனால்தான் இந்தப் பட்டத் தொழிலே. அதை நான் ஞாபகப்படுத்தினேன். கஸ்பார் தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார், "மாமாட்ட நான் சொன்னது இந்தக் கடல. அது வேற கடல்."

லெயோன் அண்ணனுக்குப் புரையேறிவிட்டது, அவ்வளவு சிரிப்பு. நான் என் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"அங்க போன் கிடைக்குமா?" என்று கேட்டேன்.

"கரைய விட்டுக் கொஞ்ச தூரம் வரைக்கும் கெடைக்கும்மா. அப்பறம் ஆண்டவர் விட்ட வழி" என்றார் அண்ணன்.

"காத்து மாறினா யார் சொல்லுவா?"

கஸ்பார் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீதான் எழுதி அனுப்பேன்."

"எப்படி வந்து சேரும்?"

"சேராது" என்றார். சிரிப்பு போய்விட்டது அவருக்கும்.

நான் கொல்லைப் பக்கம் போய் நின்றேன். மாமி, அவர் அம்மா, மீன் கழுவிக்கொண்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்தார்கள். "இந்தா, காத்து அடிச்சாலும் அழுவுற. காத்து நின்னாலும் அழுவுற. ஒனக்கு எந்தக் காத்துதான் வேணும், சொல்லு, மாதாட்டச் சொல்லி அத வரவழைப்போம்" என்றார்கள்.

மேடம், இத்தனை நாளாக எனக்குக் காற்றே வேண்டாம் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன். காற்று இல்லையென்றால் அவர் கரையில் இருப்பார் என்று நினைத்தேன். காற்று இல்லையென்றால், ஆள் வரவில்லையென்றால், அவர் வேனில் ஏறுவார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எல்லா நிலவரமும் பார்க்கிறேன், இந்த நிலவரம் எந்தச் செயலியிலும் வரவில்லை.

லெயோன் அண்ணன் போகும்போது வாசலில் நின்று என்ன முடிவு என்று கேட்டார். கஸ்பார் சொன்னார்: "கோயம்புத்தூர்லருந்து ஒரு மேடம் நாலு பேரா வரலாமான்னு கேட்டிருக்காக அத்தான். அவுக வெள்ளிக்கிழமை வந்தாகன்னா நான் வரல. வரலன்னா வேன்ல ஏறிர்றேன்."

அந்த மேடம் நீங்கள்தான்.

அதற்கப்புறம் என்னிடம் வந்து, பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "நல்லா எழுதிப் போடு புள்ள. எல்லாம் ஒன் எழுத்துலதான் இருக்கு" என்றார். இப்போது அடுத்த அறையில் பட்டத்தை விரித்துவைத்துக்கொண்டு அதன் மேலேயே தூங்குகிறார். கதவு ஓரத்தில் ஒரு பை இருக்கிறது. இரண்டு கைலி, ஒரு ஸ்வெட்டர். கட்டாமல் திறந்தபடியே வைத்திருக்கிறார்.

எட்டு மணியிலிருந்து உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றால் நம்புவீர்களா? வழக்கமாக எழுதுகிற மாதிரியேதான் முதலில் எழுதினேன். கவனிக்கவும், யோசிக்கவும், பெற்றோரிடம் பேசவும், ஆஸ்பத்திரி தூரம், எல்லாம் போட்டு அழகாக எழுதினேன். அனுப்புகிறதுக்கு முன்னால், நான் நீங்களாக இருந்தால் என்ன செய்வேன் என்று ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன்.

வரமாட்டேன்.

மறுபடி எழுதினேன். இந்தத் தடவை நன்றாகத்தான் எழுதினேன், ஆனால் 'ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள்' என்று நாலு இடத்தில் வந்துவிட்டது. அதைப் படித்தால் இன்னும் பயமாக இருந்தது. அதையும் அழித்தேன். பொய் எழுதவும் மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் செயலியில் ஒரு ஊதாப் பொட்டு இருக்கிறது, சிவப்பையும் தாண்டின காற்று. அதை மறைத்து உங்களை வரச்சொல்லி, உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால்? உங்களுக்கும் பிள்ளை இருக்கிறது. உங்கள் நம்பரில் இருக்கிற போட்டோவில் பார்த்தேன், முன்பல் விழுந்த பையன். பார்த்ததிலிருந்து மேடம் என்று எழுதக் கை வரவில்லை, அக்கா என்றுதான் வருகிறது.

அதனால் அக்கா, உங்களுக்கு எது தெரிய வேண்டுமோ அதை மட்டும் கீழே எழுதிவிடுகிறேன். மேலே எழுதினதெல்லாம் உங்களுக்கு வேண்டாதது. படித்துவிட்டு மறந்துவிடுங்கள். அழித்துவிடலாம் என்றுதான் நினைக்கிறேன், முடியவில்லை. இந்தக் கடைசிப் பாகத்துக்கு மட்டும் சிஸ்டர் பக்கத்தில் டஸ்டரோடு நிற்பதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வெள்ளி: காற்று குறைவு, பத்து நாட். வாடை. வந்து இறங்கி ஓய்வெடுக்கலாம். பட்டத்தைக் கரையில் வைத்துப் பழகலாம்.

சனி: வாடை, பதினெட்டு. காலையிலிருந்து இருட்டும் வரைக்கும் ஒரே சீராக இருக்கும். வாருங்கள்.

ஞாயிறு: வாடை, இருபது. காலையில் நல்லது. மத்தியானத்துக்கு மேல் மழை மேகம் வரலாம், அப்போது காற்று முப்பதைத் தொடும். மேகம் கறுத்தால் கஸ்பார் கையைத் தூக்குவார். தூக்கினதும் எல்லாரும் கரையேறிவிட வேண்டும். அவர் தூக்காவிட்டாலும் நான் கரையிலிருந்து கத்துவேன், எனக்கு நல்ல தொண்டை.

திங்கள்: வாடை, பதினெட்டு. வாருங்கள்.

செவ்வாய்: இன்னும் தெளிவாகத் தெரியவில்லை. திங்கள் ராத்திரி பார்த்துச் சொல்கிறேன். காற்று நன்றாக இருந்தால் இரண்டு நாள் கூட இருந்துவிட்டுப் போங்கள். அறை இருக்கிறது. மாமி நண்டு சமைத்தால் நீங்கள் திரும்பிப் போகமாட்டீர்கள்.

ஆழம்: இடுப்பளவு. பாறை கிடையாது. எங்கே விழுந்தாலும் எழுந்து நிற்கலாம், நடந்தே கரைக்கு வரலாம். நான் இறங்கினதில்லை, ஆனால் இரண்டு பேர் நடந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் வருகிறீர்கள் என்றால் ஒரு வார்த்தை போடுங்கள், எந்நேரமானாலும் சரி. நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேன். உங்கள் பதில் வந்ததும் முதல் வேலையாகக் கதவோரத்துப் பையிலிருந்து துணியை எடுத்து அலமாரியில் வைக்க வேண்டும்.